மெயில் சர்வரில் வடிகட்டி விதிகள்: முதன்முறை அமைப்பவர்களுக்கு

சொந்தமாக ஒரு மெயில் சர்வரை நிறுவி, அஞ்சல் போவதும் வருவதும் ஒழுங்காகிவிட்டால் அடுத்த வேலை வடிகட்டுவதுதான். செய்திமடல்கள், சர்வரே அனுப்பும் அறிக்கைகள், ஸ்பேம், மனிதர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே இன்பாக்ஸில் குவிந்தால் அவசரக் கடிதம் எங்கோ அடியில் போய்விடும். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் (அஞ்சலை அனுப்பி வாங்கும் மென்பொருள்) டவ்காட்டும் (அதைப் பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் மென்பொருள்) ஓடும் சர்வரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் பெரும்பாலான யோசனைகள் பொருந்தும்.

எந்த விதியை எழுதும் முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது தப்பாக வேலை செய்தால் யாருக்குத் தெரியும்? ஒரு ஸ்பேம் இன்பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டால் அழித்துவிடலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரு வேலைவாய்ப்புக் கடிதம் சத்தமில்லாமல் காணாமல் போனால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. அதனால் வேண்டாத அஞ்சலை வாசலிலேயே மறுத்துவிடுங்கள், அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். இல்லையென்றால் உள்ளே எடுத்து ஏதாவது ஒரு ஃபோல்டரில் வையுங்கள், தேடினால் கிடைக்கும். ஏற்றுக்கொண்ட பிறகு விழுங்கிவிடும் விதி மட்டும் வேண்டவே வேண்டாம்.

விதி எந்த இடத்தில் ஓடுகிறது?

வடிகட்டுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, வெளியிலிருந்து வரும் சர்வர் உங்கள் போஸ்ட்ஃபிக்ஸோடு எஸ்எம்டிபி என்ற, சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும் மொழியில் பேசிக்கொண்டிருக்கும் நேரம். அஞ்சலை இன்னும் நீங்கள் ஏற்கவில்லை, அதனால் மறுக்க முழு உரிமை உண்டு. 5இல் தொடங்கும் எண்ணைப் பதிலாகக் கொடுத்தால் 'நிரந்தரமாக இல்லை' என்று பொருள். 4இல் தொடங்கினால் 'பிறகு வா' என்று பொருள். இரண்டாவது, அஞ்சலை ஏற்றுக்கொண்டு டவ்காட்டின் கையில் கொடுத்து, அது பெட்டியில் போடும் நேரம். ஃபோல்டர் பிரிக்கும் வேலையெல்லாம் இங்கேதான் நடக்கிறது. மூன்றாவது, தண்டர்பேர்ட் போன்ற செயலிக்குள் எழுதும் ஃபில்டர். அது அந்தக் கணினி திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். கணினியை மூடிவிட்டுப் போனைத் திறந்தால் எல்லாம் பிரிக்கப்படாமல் இன்பாக்ஸிலேயே கிடக்கும். ஃபோல்டர் பிரிப்பதை சர்வரிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது.

சீவ்வைப் பொருத்துதல்

சர்வர் பக்க விதிகளுக்கென்றே உருவான மொழி சீவ். 2001இல் முதல் தரநிலை வந்தது, 2008இல் ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதன் இடத்தைப் பிடித்தது. வேண்டுமென்றே எளிமையாக வைத்திருக்கிறார்கள். அடிப்படை மொழியில் மாறிகளும் இல்லை, சுற்றிச் சுற்றி ஓடும் லூப்பும் இல்லை. அதனால் பயனர்களே தங்கள் விதிகளை எழுதிக்கொள்ள விட்டாலும் சர்வர் ஸ்தம்பிக்காது.

டவ்காட்டுக்கு சீவ் வசதியைத் தருவது பிஜன்ஹோல் என்ற இணைப்பு. டெபியனிலும் உபுண்டுவிலும் டவ்காட்-சீவ், டவ்காட்-மேனேஜ்சீவ்டி, டவ்காட்-எல்எம்டிபிடி என்ற மூன்று பேக்கேஜ்களை நிறுவுங்கள். முதலாவது விதிகளை ஓட்டுகிறது. இரண்டாவது, பயனர்கள் வெளியிலிருந்து தங்கள் விதிகளைத் திருத்த 4190 என்ற போர்ட்டைத் திறக்கிறது. மூன்றாவது, எல்எம்டிபி என்ற உள் டெலிவரி மொழியில் போஸ்ட்ஃபிக்ஸிடமிருந்து அஞ்சலை வாங்கிக்கொள்கிறது.

புதியவர்கள் பலரும் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். போஸ்ட்ஃபிக்ஸ் தன் சொந்த டெலிவரி நிரலால் அஞ்சலை நேரே மெயில்டிர் என்ற அஞ்சல் ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருந்தால் டவ்காட் நடுவில் வருவதே இல்லை. விதிகள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஓடாது, பிழைச் செய்தியும் வராது. போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில் டெலிவரிக்கான டிரான்ஸ்போர்ட், டவ்காட்டின் எல்எம்டிபி சாக்கெட்டைக் காட்டுகிறதா என்று பாருங்கள். டவ்காட் பக்கம், எல்எம்டிபி பகுதியின் மெயில் பிளகின் பட்டியலில் சீவ் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி, சேவைகளை மறுபடி துவக்கிவிட்டு ஓர் அஞ்சல் அனுப்புங்கள். மெயில் லாகில் அந்த அஞ்சலின் வரியில் எல்எம்டிபி என்ற சொல்லும், அருகில் சீவ் என்ற சொல்லும் தெரிந்தால் பாதை சரி.

டவ்காட் 2.4 பதிப்பில் அமைப்புக் கோப்பின் வடிவம் மாறிவிட்டது. 2.3க்கு எழுதிய வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினால் டவ்காட் துவங்க மறுக்கும். எந்த வழிமுறையைப் பின்பற்றினாலும் அது எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிகளைக் கையால் கோப்பில் எழுதலாம். ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் வைத்திருந்தால் அதன் மேனேஜ்சீவ் பிளகினை இயக்கி, அமைப்புகள் பக்கத்தில் ஃபில்டர் பகுதிக்குப் போய் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தும் எழுதலாம். தொடக்கத்தில் ரவுண்ட்கியூபில் ஒரு விதியை உருவாக்கிவிட்டு, அது எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்து படியுங்கள். மொழி சீக்கிரம் பிடிபடும். கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எழுதும் முன் ஹெடரைப் படியுங்கள்

விதி அஞ்சலின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. பிரிக்க நினைக்கும் அஞ்சல் ஒன்றைத் திறந்து, மூலத்தைக் காட்டும் வசதியை அழுத்தி ஹெடர் (அஞ்சலின் தலைப்பு வரிகள்) முழுவதையும் படியுங்கள். பொருள் வரியைப் பார்த்து விதி எழுதத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அடுத்த மாதம் அனுப்புகிறவர் பொருள் வரியை மாற்றினால் விதி செத்துவிடும். மடலாடற் குழுக்களின் அஞ்சலில் பொதுவாக லிஸ்ட்-ஐடி என்ற ஹெடர் இருக்கும். ஆர்எஃப்சி 2919 வரையறுத்த அந்த அடையாளம் சர்வர் இடம் மாறினாலும் மாறாமல் இருப்பதற்கென்றே வந்தது. அது இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டாம்.

அப்புறம், அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. திரையில் நாம் பார்ப்பது ஃப்ரம் ஹெடர். சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது சொல்லிக்கொள்வது என்வலப் முகவரி, அது ரிட்டர்ன்-பாத் என்ற வரியில் பதிவாகும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெறுநர் பக்கமும் இப்படித்தான். பிசிசியில் வந்த அஞ்சலின் டு வரியில் உங்கள் முகவரியே இருக்காது. 'டு வரியில் என் பெயர் இல்லாதவை எல்லாம் ஸ்பேம்' என்று விதி எழுதினால் இவையும் சேர்ந்து போகும்.

முதல் விதி

ஆபத்தில்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு மடலாடற் குழுவின் அஞ்சல்களைத் தனி ஃபோல்டருக்கு அனுப்புவது நல்ல தொடக்கம்.

ஸ்கிரிப்டின் முதல் வரி ரிக்வயர். அடிப்படை மொழிக்கு வெளியே எந்தெந்த வசதிகளைப் பயன்படுத்தப் போகிறோம் என்று அதில் அறிவிக்க வேண்டும். ஃபோல்டரில் போடும் ஃபைல்இன்டூ கட்டளைக்கே இந்த அறிவிப்பு தேவை. அடுத்து நிபந்தனை: லிஸ்ட்-ஐடி ஹெடரில் குழுவின் அடையாளம் அடங்கியிருந்தால். அதற்குப் பின் வளைவு அடைப்புக்குறிக்குள் செயல்: இன்ன ஃபோல்டரில் போடு. ஒவ்வொரு செயலின் முடிவிலும் அரைப்புள்ளி வேண்டும். அது விடுபட்டால் ஸ்கிரிப்ட் முழுவதும் கம்பைல் ஆகாது.

ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள், அல்லது மெயில்பாக்ஸ் என்ற நீட்சியை ரிக்வயரில் சேர்த்து, ஃபைல்இன்டூவோடு கிரியேட் குறியைக் கொடுங்கள், இல்லாத ஃபோல்டர் தானாக உருவாகும். உள்ஃபோல்டரின் பெயரைப் பிரிப்பது சில சர்வரில் புள்ளி, சிலவற்றில் சாய்கோடு. தப்பாகக் கொடுத்தால் எதிர்பாராத பெயரில் ஒரு ஃபோல்டர் முளைத்து நிற்கும்.

விதி எதற்கும் பொருந்தாத அஞ்சல் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். வேறு எதுவும் சொல்லாதவரை அஞ்சலை இன்பாக்ஸில் வை என்பதுதான் சீவ்வின் இயல்பு. ஸ்கிரிப்ட் நடுவில் பிழையாகி நின்றாலும் அஞ்சல் இன்பாக்ஸுக்கே வரும். தப்பு நேர்ந்தால் அஞ்சலைக் காப்பாற்றும் பக்கம் சாயும் இந்தக் குணத்துக்காகவே எனக்கு இந்த மொழியைப் பிடிக்கும்.

ஒப்பிடும் மூன்று வழிகள்

ஈஸ் என்றால் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும். கன்டெய்ன்ஸ் என்றால் எங்காவது ஓரிடத்தில் இருந்தால் போதும். மேட்சஸ் என்றால் நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் போட்டு மாதிரி கொடுக்கலாம். முகவரிகளுக்கு அட்ரஸ் சோதனையை ஈஸ்ஸோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். அட்ரஸ் சோதனை பெயரை விட்டுவிட்டு முகவரியை மட்டும் எடுத்துக்கொள்ளும், டொமைன் பகுதியை மட்டும் பார்க்கவும் சொல்லலாம். ஹெடர் சோதனை அந்த வரி முழுவதையும் பார்க்கும், அதில் அனுப்புகிறவர் தன் காட்சிப் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

கன்டெய்ன்ஸ் வசதியானது, அதனாலேயே ஆபத்தானதும். பொருள் வரியில் தமிழ்ச் சொல் தேடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அஞ்சலில் பொருள் வரி குறியீடாக மாற்றப்பட்டு வந்தாலும் சீவ் அதை யுடிஎஃப்-8க்குத் திருப்பிய பிறகே ஒப்பிடுகிறது, அதனால் தமிழ்ச் சொல்லை அப்படியே விதியில் எழுதலாம். ஆனால் 'வரி' என்று தேடினால் 'வரிசை'யும் மாட்டும், 'விவரிப்பு'ம் மாட்டும். யூனிகோடில் உயிர்க்குறிகள் மெய்க்குப் பின்னால் தனி எழுத்தாக வருவதால் 'கட' என்று தேடினால் 'கடிதம்' கூடப் பொருந்தும். இன்னொன்றும் உண்டு. ஒகர ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சீவ்வுக்கோ வேறு வேறு. 'கோப்பு' என்ற சொல்லைத் தேடும் விதி சில அஞ்சல்களைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு வடிவங்களையும் பட்டியலில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

பல நிபந்தனைகளைச் சேர்க்க ஆல்ஆஃப், எனிஆஃப் இருக்கின்றன. எல்லாமும் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் முதலாவது, ஏதாவது ஒன்று போதும் என்றால் இரண்டாவது. ரவுண்ட்கியூபில் இதை மேலே ஒரு தேர்வாகக் காட்டும். விதி அளவுக்கு மீறிப் பிடிக்கிறது என்றால் முதலில் அந்தத் தேர்வைப் பாருங்கள்.

வரிசை

விதிகள் மேலிருந்து கீழே ஓடும். ஒன்று பொருந்திவிட்டது என்பதற்காக மற்றவை நிற்காது. ஒரே அஞ்சலுக்கு இரண்டு விதிகள் பொருந்தி, இரண்டும் வேறு வேறு ஃபோல்டரைச் சொன்னால் இரண்டு பிரதிகள் உருவாகும். 'அஞ்சல் இரட்டிப்பாக வருகிறது' என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம். விதியின் கடைசியில் ஸ்டாப் போட்டால் அங்கேயே முடிந்துவிடும். குறுகலான விதிகளை மேலேயும் அகலமானவற்றைக் கீழேயும் வையுங்கள். குறிப்பிட்ட ஒருவரின் அஞ்சல் கண்டிப்பாக இன்பாக்ஸில் இருக்க வேண்டுமென்றால் கீப் (இன்பாக்ஸில் வை), ஸ்டாப் இரண்டையும் கொண்ட விதியை எல்லாவற்றுக்கும் மேலே எழுதுங்கள்.

ஸ்பேம்

ஸ்பேமை அடையாளம் காணும் வேலையை சீவ்விடம் கொடுக்காதீர்கள். சொற்பட்டியல் போட்டு ஸ்பேமைப் பிடிக்க நினைப்பது முடிவில்லாத வேலை, நல்ல கடிதங்களும் சேர்ந்து அடிபடும். ஆர்ஸ்பேம்டி அல்லது ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் கண்டறியும் மென்பொருள் மதிப்பெண் போடட்டும், சீவ் அந்த முடிவைப் படித்து ஃபோல்டரில் போடட்டும்.

ஸ்பேம்அசாசினின் இயல்பான எல்லை 5 மதிப்பெண். ஆர்ஸ்பேம்டியில் இயல்பாக 4க்கு மேல் போனால் சற்றுத் தாமதப்படுத்தும், 6க்கு மேல் ஸ்பேம் என்று ஹெடர் சேர்க்கும், 15க்கு மேல் வாசலிலேயே மறுக்கும். இந்த எண்களை முதல் நாளே கைவைக்காமல் விடுங்கள். சில வாரங்கள் ஜங்க் ஃபோல்டரைப் பார்த்த பிறகு தேவையென்றால் மாற்றலாம்.

எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ஸ்பேம் விதியை அவர்களின் சொந்த விதிகளுக்கு முன்பும் ஓட்டலாம், பின்பும் ஓட்டலாம். முன்பு ஓட்டினால் ஜங்கில் போட்ட அஞ்சலுக்குப் பயனரின் விதிகள் ஓடவே ஓடாது. ஸ்பேமுக்கு விடுப்புப் பதில் போகாது என்பது இதில் லாபம். தப்பாகக் குறிக்கப்பட்ட நண்பரின் அஞ்சலைப் பயனரின் விதியால் மீட்க முடியாது என்பது நஷ்டம். பின்பு ஓட்டினால் இரண்டும் தலைகீழ். நான் முன்பு ஓட்டுவதைத்தான் பரிந்துரைப்பேன். விலக்கு தர வேண்டியவர்களை ஆர்ஸ்பேம்டியிலேயே பதிந்துகொள்ளலாம். பொது விதிக் கோப்பை மாற்றும்போதெல்லாம் சீவ்சி கட்டளையால் கம்பைல் செய்துவிடுங்கள். அந்த ஃபோல்டரில் எழுத டவ்காட்டுக்கு அனுமதி இல்லாவிட்டால் கம்பைல் ஆனதை டவ்காட் தானே சேமித்து வைக்க முடியாது.

விலக்குப் பட்டியலில் உங்கள் சொந்த டொமைனை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஃப்ரம் வரியில் யாரும் எதையும் எழுதலாம் என்பதால், உங்கள் முகவரியையே அனுப்புநராகப் போட்டு வரும் ஸ்பேம் மிகச் சாதாரணம். விலக்கு கொடுப்பதானால் அனுப்பிய டொமைன் உண்மையானதா என்று பார்க்கும் டிகிம் அல்லது டிமார்க் சோதனையில் தேறியது என்ற நிபந்தனையோடு கொடுங்கள்.

பயனர் ஓர் அஞ்சலை ஜங்குக்கு நகர்த்தும்போது அதை ஆர்ஸ்பேம்டிக்குக் கற்றுக்கொடுக்க ஐமேப்சீவ் என்ற வசதி இருக்கிறது. ஜங்கிலிருந்து வெளியே எடுப்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும் கற்றால் கணிப்பு கோணலாகும். பழைய ஜங்க் அஞ்சல்களை 30 நாளுக்குப் பிறகு தானாக அழிக்க டவ்காட்டில் ஆட்டோஎக்ஸ்பஞ்ச் அமைப்பைப் பயன்படுத்தலாம்.

கை வைக்கும் முன் யோசிக்க வேண்டிய கட்டளைகள்

டிஸ்கார்ட் அஞ்சலைத் தடயமில்லாமல் அழிக்கும். மேலே சொன்ன காரணத்தால் இதை நான் எழுதுவதே இல்லை. அதற்குப் பதில் ஒரு ஃபோல்டரில் போட்டு ஆட்டோஎக்ஸ்பஞ்ச் வைத்தால் அதே பலன் கிடைக்கும், திரும்பிப் பார்க்கவும் அவகாசம் இருக்கும்.

ரிஜெக்ட் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் சர்வர் அஞ்சலை ஏற்றுக்கொண்ட பிறகு மறுப்பு ஒரு தனி அஞ்சலாகத்தான் போகும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது என்பதால் அந்த மறுப்பு சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். இப்படி நிறைய அனுப்பினால் உங்கள் ஐபி முகவரியே தடைப்பட்டியலில் ஏறும். மறுக்க வேண்டியதை போஸ்ட்ஃபிக்ஸ் வாசலில் மறுக்கட்டும்.

ரீடைரக்ட் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பும். திருப்பிய அஞ்சலை அனுப்புவது உங்கள் சர்வர், டொமைனோ வேறொருவருடையது, எனவே அந்த டொமைனுக்காக அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்கும். உள்ளடக்கத்தை மாற்றாதவரை டிகிம் கையொப்பம் செல்லும். திருப்பும் விதியை ஸ்பேம் விதிக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளி சர்வரின் கண்ணில் அந்த ஸ்பேமை அனுப்பியது நீங்கள்தான்.

விடுப்புப் பதிலுக்கு வெக்கேஷன் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இயல்பாக 7 நாளுக்கு ஒரு முறைதான் பதில் போகும், மடலாடற் குழுக்களுக்குப் போகாது. பதில் போகவே இல்லை என்றால் பெரும்பாலும் மாற்று முகவரிதான் காரணம்: டு அல்லது சிசி வரியில் உங்கள் முகவரி இருந்தால்தான் பதில் போகும், எனவே மாற்று முகவரிகளை எல்லாம் அட்ரசஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வாசலில் வைக்கும் விதிகள்

போஸ்ட்ஃபிக்ஸிலும் விதிகள் வைக்கலாம். அனுப்புநரின் டொமைன் வாரியாக அனுமதி, மறுப்பு சொல்லும் அக்சஸ் பட்டியல், ஹெடர் வரிகளைப் பார்க்கும் ஹெடர் செக்ஸ், இணைப்புக் கோப்பின் பெயரைப் பார்க்கும் மைம் ஹெடர் செக்ஸ் ஆகியவை போதும். ஓடக்கூடிய நிரல்களாக வரும் இஎக்ஸ்இ, எஸ்சிஆர் போன்ற இணைப்புகளை மறுப்பதற்கு இந்த இடம் பொருத்தம்.

ஹெடர் செக்ஸ் ஒவ்வொரு ஹெடரையும் தனித்தனியாகவே பார்க்கும். 'இவரிடமிருந்து வந்து, பொருள் வரியும் இப்படி இருந்தால்' என்று சேர்த்துச் சொல்ல முடியாது. உங்கள் பயனர்கள் வெளியே அனுப்பும் அஞ்சலுக்கும் அதே விதி ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். புது விதியை நேரடியாக மறுப்பாக எழுதாமல் முதலில் வார்ன் என்று எழுதுங்கள். அக்சஸ் பட்டியலுக்கு முன் வார்ன்-இஃப்-ரிஜெக்ட் சேர்க்கலாம். அஞ்சல் வழக்கம்போல் உள்ளே வரும், எதை மறுத்திருக்கும் என்பது லாகில் பதிவாகும். ஒரு வாரம் லாகைப் படித்து, நல்ல அஞ்சல் எதுவும் மாட்டவில்லை என்று உறுதியான பிறகு மறுப்பாக மாற்றுங்கள். போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு வரும் அஞ்சல் எந்தக் கட்டத்திலும் தடைபடக் கூடாது. மற்றவர்கள் உங்கள் சர்வரின் கோளாறைச் சொல்ல அதுதான் வழி, எஸ்எம்டிபி தரநிலையும் அந்த முகவரி இருந்தே ஆக வேண்டும் என்கிறது.

சோதித்துப் பார்த்தல்

ஓர் அஞ்சலைக் கோப்பாகச் சேமித்து, சீவ்-டெஸ்ட் கட்டளைக்கு ஸ்கிரிப்டையும் அந்த அஞ்சலையும் கொடுங்கள். அஞ்சலைத் தொடாமல், என்ன செய்திருப்பேன் என்று மட்டும் சொல்லும். விதிக்குப் பொருந்தும் அஞ்சலோடு, பொருந்தக் கூடாத அஞ்சலையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு வேறொரு சேவையில் உள்ள முகவரியிலிருந்து உண்மையான அஞ்சல் ஒன்றை அனுப்புங்கள். ஸ்கிரிப்டில் பிழை இருந்தால் அதன் பக்கத்திலேயே லாக் என்று முடியும் கோப்பு உருவாகியிருக்கும், எந்த வரியில் என்ன தப்பு என்று அதில் இருக்கும்.

புது விதி இனி வரும் அஞ்சலுக்கு மட்டுமே. ஏற்கெனவே குவிந்திருப்பதைப் பிரிக்க சீவ்-ஃபில்டர் என்ற கருவி உண்டு. செய் என்று தனியாகச் சொல்லாதவரை அது எதையும் நகர்த்தாது, என்ன செய்யும் என்று பட்டியல் மட்டும் காட்டும். அந்தப் பட்டியலை முழுதாகப் படித்துவிட்டே ஓட்டுங்கள்.

ஒரு பயனர் எத்தனை ஸ்கிரிப்ட் வைத்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் செயலில் இருக்கும். ரவுண்ட்கியூபில் விதிகள் வைத்திருப்பவர் வேறொரு செயலியில் புது ஸ்கிரிப்ட் எழுதி அதைச் செயலாக்கினால் பழைய விதிகள் எல்லாம் அந்தக் கணமே நின்றுவிடும். நேற்றுவரை ஓடிய விதி திடீரென்று ஓடவில்லை என்று யாராவது சொன்னால், வேறு எதையும் தோண்டும் முன் எந்த ஸ்கிரிப்ட் செயலில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே கருவியில் திருத்துவது என்று முடிவு செய்து, பெரிய மாற்றத்துக்கு முன் ஓடிக்கொண்டிருப்பதை வேறு பெயரில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால், ஏதாவது கெட்டால் அந்தப் பிரதியைச் செயலாக்கியதும் பழைய விதிகள் திரும்ப ஓடத் தொடங்கிவிடும்.